இருபத்தெட்டு நாள் காப்பு

தன் குரலே தன் கையிலிருந்து தன் மனைவியை விரட்டும் என்று முன்பே தெரிந்திருந்தால், அன்றைக்கு நாச்சிமுத்து ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் பேசியிருப்பார். ஒலிப்பதிவில் தொண்டை கரகரத்தது. அடுக்களைக்குள் நுழைந்த நாயை விரட்டுகிற தொனி. ஆனால் மேடைத் தமிழ்.

"அன்பார்ந்தவரே, தயவுசெய்து இரண்டு மீட்டர் விலகி நில்லுங்கள். விலகலே பாசம்" என்றது அவருடைய இடது மணிக்கட்டு.

மாடி அறை வாசலில் சோற்றுத் தட்டை வைக்க வந்த பூங்கோதை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கண்ணாலமாகி முப்பது வருசத்துல என்னைய அன்பார்ந்தவரேன்னு நீங்க கூப்பிட்டது இதுதானுங்க மொதத் தடவ. அதுவும் போகச் சொல்றதுக்கு."

"அது நான் இல்ல கோதை. காப்பு."

"காப்புக்குள்ள இருக்கறது நீங்கதானுங்களே" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். நாச்சிமுத்து சோற்றைப் பிசைந்தார். ரசத்தில் ருசியே தெரியவில்லை. ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்கு வாய் உலர்ந்து போகும், ருசி தெரியாது என்று ஆறு வருடமாக நோயாளிகளிடம் சொல்லி வந்தவர் அவர்தான். சொல்லும்போதெல்லாம் அது என்னவோ பெரிய விஷயமில்லை என்பது போல இருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பொள்ளாச்சி சாலையில் இருக்கும் கனகாம்பிகை புற்றுநோய் மையத்தில் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி. பதவியின் பெயரைக் கேட்டால் அணு உலைப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பவர் என்று தோன்றும். உண்மையில் அவர் வேலையில் பாதி, ஊசி போட்டுக்கொண்டவர்களின் சிறுநீர் தேங்கும் தொட்டியைக் காவல் காப்பது. கதிர் அடங்கும் வரை ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக்கூடாது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு எதைக் காக்கிறேன் பாருங்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேறு யாராவது சொன்னால் சிரிக்க மாட்டார்.

அந்த ஊசிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் அதை மின்மினி ஊசி என்றார்கள். போட்டுக்கொண்டவர் இருட்டில் மினுங்குவார் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி, பெயராக நின்றுவிட்டது. போன மாசி மாதம் நாச்சிமுத்துவுக்கே புராஸ்டேட்டில் கட்டி என்று தெரிந்து, ஊசிக்கு நாள் குறித்தபோது பூங்கோதை கேட்டாள்.

"அது உள்ள போயி என்னுங்க பண்ணும்?"

"கூரியர்காரன் மாதிரி. புற்றணு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு விலாசம் ஒட்டியிருக்கும். அதத் தேடிப் போயி, முதுகுல சுமந்துட்டுப் போன கதிர எறக்கி வெக்கும். அந்த ஊடு மட்டும் எரிஞ்சு போகும்."

"பக்கத்து ஊடு?"

"லேசாச் சுடும்."

"கூரியர்காரனச் சுமந்துட்டுத் திரியற ஆளுக்குப் பக்கத்துல இருக்கற நாங்க?"

"அதுக்குத்தான் நான் காப்புக் கண்டுபிடிச்சிருக்கறனே" என்றார் நாச்சிமுத்து, தனக்குக் கட்டி வந்திருப்பதையே ஒரு நிமிடம் மறந்து.

காப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு சாதாரண ரப்பர் வளையம். உள்ளே நாள் எண்ணும் கடிகாரம், பக்கத்தில் ஆள் வந்தால் உடம்புச் சூட்டை வைத்துத் தெரிந்துகொள்ளும் ஒரு சில்லு, ஒரு குட்டி ஒலிபெருக்கி. கதிரை அளக்காது, நாளை மட்டும் எண்ணும். அளக்கிற வளையம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் எத்தனை நாள் எண்ண வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நாச்சிமுத்து சொன்னார். இருபத்தெட்டு. விலகச் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. அதற்கும் அவரே தொண்டையைக் கொடுத்தார். 'விலகலே பாசம்' அவர் சொந்தச் சரக்கு. அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் ஊரைவிட்டுப் போகக்கூடாது, இன்னது தின்னக்கூடாது என்று பழகிய பக்கம் அது. ஆகவே ரப்பர் வளையத்துக்கு ஒரே வாரத்தில் பெயரும் மரியாதையும் வந்துவிட்டன. "ஊசி போட்டாச்சா" என்று யாரும் கேட்பதில்லை, "காப்புக் கட்டியாச்சுங்களா" என்றுதான் கேட்டார்கள். இருபத்தெட்டாம் நாள் வளையத்தைக் கழற்ற வருகிறவர்கள், கையோடு ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் கொண்டுவந்து செவிலியர் மேசையை நனைத்துவிட்டுப் போனார்கள். பிடிக்காத உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க, கழற்றிய காப்பை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு தாசில்தாரை நாச்சிமுத்துவே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பஸ்ஸில் இருவர் இருக்கையில் தனியாகக் கால் நீட்டிப் போவதற்கென்றே கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அக்கம்பக்கத்து நான்கு மாவட்டங்களும் இருபத்தெட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரு பாதுகாப்பு விதி அளவுக்கு மீறிப் பாதுகாப்பாக இருக்கிறது என்று உலகத்தில் யாரும் புகார் கொடுத்ததில்லை. நாச்சிமுத்துவுக்குப் பொன்னாடைகள் வந்தன. பீரோவில் வைக்க இடமில்லாமல் இரண்டை ஜன்னல் திரையாக்கினாள் பூங்கோதை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய இரண்டாவது ஊசியும் மகளுடைய தலைப்பிரசவமும் ஒரே மாதத்தில் வந்து விழும் வரைக்கும்.

நறுமுகை அவர்களுக்கு ஒரே மகள். ஆறு வருடம் காத்திருந்து, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பூங்கோதை ஒற்றைக்காலில் நின்றாள். மகள் கீழ்த்தளத்தில், அப்பா மாடியில், நடுவில் கான்கிரீட் என்று ஏற்பாடானது. ஊசி போட்டு இருபத்தெட்டு நாள் முடிந்து, காப்பையும் கழற்றிவிட்டு, பிறகுதான் குழந்தை வரும் என்று நாச்சிமுத்து ஒரு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். குழந்தை அட்டவணையைப் பார்க்கவில்லை. ஊசி போட்ட மூன்றாம் நாளே பிறந்துவிட்டது. பெண். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தது.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்கு மாடி நரகமாயிற்று. கீழே குழந்தை அழும். எதற்கு அழுகிறது என்று கேட்க முடியாது. பூங்கோதை போனில் படம் அனுப்புவாள். படத்தில் எப்போதும் ஒரு காதோ பாதி மூக்கோதான் இருக்கும். படிக்கட்டின் வளைவில் நின்று எட்டிப் பார்த்தால் தொட்டிலின் கயிறு தெரிந்தது. அவர் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் நின்றார். இத்தனை வயதில் ஒரு கயிற்றுக்கு அழுகை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பொழுது போக வேண்டுமே என்று மருத்துவமனை மலருக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். 'இருபத்தெட்டு: ஓர் எண் பிறந்த கதை.' முதல் பத்தியில் 'அடியேன்' என்ற சொல் ஐந்து முறை வந்தது. அதைத் தவிர அடக்கமாக எதுவும் இல்லை. ஆதாரம் காட்டினால் கட்டுரைக்குக் கனம் கூடும் என்று, மருந்தோடு வந்த பழைய வழிகாட்டிக் கோப்பை மடிக்கணினியில் திறந்தார்.

முதன்மைப் பக்கத்தில் ஏழு நாள் என்று இருந்தது. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த ஏழைப் பார்த்துத்தான் அவர் அன்று ஏளனமாகச் சிரித்தார். வெள்ளைக்காரன் கணக்கு. ஆளுக்கொரு அறை, குழந்தைக்குத் தனிக் கட்டில். நம் வீட்டில் ஆறு பேர் ஒரே கூடத்தில் படுப்போம், அதற்கு ஒரு இரண்டு மடங்கு. நம் பிள்ளைகள் நடக்கிற வயது வரை மடியைவிட்டு இறங்காது, அதற்கு இன்னொரு இரண்டு மடங்கு. நாலேழு இருபத்தெட்டு. அந்தக் கணக்கைத்தான் நான்கு மாவட்டம் பாராட்டியது.

இப்போது மேற்கோளுக்காக, முதல்முறையாக, பின்னிணைப்புக்குப் போனார். பின்னிணைப்பு என்பது விஷயம் தெரியாதவர்களுக்கு என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். நாற்பத்தோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

'மேற்கண்ட ஏழு நாள், இந்தியாவின் சிறு வீடுகளையும், குழந்தைகளை நாள் முழுதும் தூக்கி வைத்திருக்கும் வழக்கத்தையும் கணக்கில் கொண்டு, ஏற்கெனவே நான்கு மடங்காக்கப்பட்டது. இதற்குமேல் பெருக்கத் தேவையில்லை.'

கீழே, கணக்கிட்டவர் பெயர். முனைவர் அ. செல்வரத்தினம். சொந்த ஊர் அவிநாசி.

நாச்சிமுத்து அந்த ஊர்ப் பெயரை நான்கு முறை படித்தார். அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மாமியார் உப்புப் போட்டு இறக்கிய குழம்பில், ருசி பார்க்காமல் மருமகளும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்ட கதை. அதையும் ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் ஊற்றியிருக்கிறார்.

முதலில் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். அதை அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. காப்பு எட்டாம் நாள் என்று காட்டியது. அப்படியானால் பேத்தியைத் தூக்கலாம்! முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, தலைவாரிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது படியிலேயே காலடிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. பூங்கோதை அடுக்களைக் கரண்டியோடு ஓடிவந்து, காப்பு கத்தக் கத்த வழி மறித்தாள்.

"எங்கீங்க?"

"கோதை, இருவத்தெட்டு இல்ல. ஏழுதான். நான் தப்பாப் பெருக்கிப்போட்டேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாரிய தலையைக் கவனித்தாள்.

"ஊர்ச் சனம் பூரா இருவத்தெட்டு. உங்களுக்குப் பேத்தி பொறந்ததும் ஏழுங்களா? கோயில் கட்டளையா என்ன, நாட்டாமை ஊட்டுக்கு மட்டும் தளர்த்தறதுக்கு?"

உள்ளே இருந்து நறுமுகையின் குரல் வந்தது. "அப்பா, மேல போங்கப்பா. எனக்குப் பயமா இருக்குது. இருவத்தெட்டு முடியட்டும். ரெண்டு நாள் சேத்தியே இருக்கட்டும்."

மகள் சொன்னதில் கோபம் இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து குடையும் எடுத்துக்கொண்டு மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை. அப்படி வளர்த்தது அவர்தான். நாச்சிமுத்து படியேறித் திரும்பிப் போனார்.

அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. வந்ததும் ஒரு முகத்தோடு வந்தது.

கோகிலவாணி. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண். வயிற்றில் கட்டி. ஐந்து வருடத்துக்கு முன், முதல் ஊசிக்கு வந்தபோது கைக்குழந்தைக்கு நாலு மாதம். "எப்பங்க சார் தூக்கலாம்?" என்று கேட்டாள். அவர் சுவரில் இருந்த அட்டவணையைப் பென்சிலால் தட்டிக் காட்டினார். "இருவத்தெட்டு நாள். அதுல ஒரு நிமிசம் கொறையக் கூடாது. உங்க பாசத்த விடக் குழந்தையோட உசுரு முக்கியம்" என்றார். நல்ல வசனம் என்று அப்போது பட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் நான்கு. ஒவ்வொரு முறையும் இருபத்தெட்டு நாள். அதற்கப்புறம் வருடா வருடம் பரிசோதனைக்கு அவள் வரும்போது பையனைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வருவாள். பையன் நாத்தனாரைத்தான் அம்மா என்பான். நாச்சிமுத்து அதைக் கேட்டிருக்கிறார். குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் துறைத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசாவைக் காணொளியில் அழைத்தார். நாற்பத்தோராம் பக்கத்தைத் திரையில் காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நானும்தானே கையெழுத்துப் போட்டேன் சார்" என்றார் கடைசியில். "நீங்க படிச்சிருப்பீங்கன்னு நான் படிக்கல."

"நான் படிச்சிருந்தா இந்த நெலமை இல்லீங்க மேடம்."

"சரி. மாத்திடலாம். அடுத்த மாசத்துலேருந்து ஏழு. புதிய தரவுகளின் அடிப்படையில்னு ஒரு சுற்றறிக்கை போட்டா முடிஞ்சது. நீங்க நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. எதுக்கு?"

புதிய தரவுகளின் அடிப்படையில். எவ்வளவு மெத்தென்ற வாக்கியம்! எந்தத் தப்பும் அதன்மேல் தலை வைத்துத் தூங்கலாம். நாச்சிமுத்து உண்மையாகவே அதில் படுத்துவிடப் பார்த்தார்.

"முன்னாடி வந்தவங்களுக்கு மேடம்?"

"சொல்லி என்ன லாபம் சார்? போன நாள் திரும்பி வருமா? அவங்களுக்கு வலிதான் மிச்சம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டு, நூல் விட்டுப் பார்ப்பதற்காகப் பூங்கோதையைப் போனில் கூப்பிட்டார். புதிய தரவுகள் வந்திருக்கின்றன, இனிமேல் ஏழு நாள்தான் என்று அரசு அறிவிப்பு மாதிரி சொன்னார்.

"ஏழு அவிய சொல்லட்டுமுங்க. நம்ம பழைய இருவத்தெட்டே இருந்துட்டுப் போகுது. சேஃப்டிக்கு" என்றாள் அவள்.

அங்கேதான் அவருக்கு உறைத்தது. புது எண் வந்தால் பழைய எண் செத்துவிடாது. எல்லா வீட்டிலும் ஒரு பூங்கோதை இருப்பாள். மாமியார்கள் இருபத்தெட்டைக் கடைப்பிடிப்பார்கள், பயந்த அம்மாக்கள் கடைப்பிடிப்பார்கள். பெற்றவனே வந்து இது என் பிள்ளை இல்லை, என் பிழை என்று சொன்னால் ஒழிய அந்த எண் சாகாது. இது தைரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதிக்கு மேல் அவருக்குப் பேத்தியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் நம்பாத உண்மையை வைத்துக்கொண்டு பேத்தியைத் தூக்க முடியாது.

எல்லாக் காப்புகளின் குரலையும் நாள் கணக்கையும் மடிக்கணினியிலிருந்தே மாற்றுகிற சாவிச்சொல் அவரிடம்தான் இருந்தது. இந்தமுறை தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். அன்று பகல் பதினோரு மணிக்கு, நான்கு மாவட்டங்களில் ஆயிரத்துச் சொச்சம் மணிக்கட்டுகள் ஒரே நேரத்தில் பேசின.

"நான் நாச்சிமுத்து பேசறேனுங்க. இத்தனை நாளா உங்களை விலகி நில்லுன்னு சொன்னவன். இருவத்தெட்டு நாள்ங்கறது என் தப்பு. ஒரு பக்கத்தைப் படிக்காம நான் பெருக்கிட்டேன். மருந்து அப்படிச் சொல்லல, நான்தான் சொன்னேன். ஏழு நாள் போதும். ஏழு தாண்டினவங்க உங்க பிள்ளைகளத் தூக்கிக்குங்க. என்னை மன்னிச்சிருங்க."

மேடைத் தமிழ் வரவில்லை. எழுதி வைத்திருந்த காகிதத்தில் இருந்தது, வாயில் வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு கூத்து. காப்பின் குரலை யாரோ விஷமிகள் கைப்பற்றிவிட்டார்கள் என்று காவல்நிலையத்துக்கு முப்பது பேர் போனார்கள். மருத்துவமனை ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. அறிக்கை தர அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இருபத்தெட்டு நாள். அன்னூரிலிருந்து பாப்பாத்தி என்ற நோயாளி போனில் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"எவஞ் சார் உங்களக் கேட்டான்? பதினாறு வயசுல வாக்கப்பட்டு வந்தவ நானு. இந்த இருவத்தெட்டு நாளுதான் ஒருத்தனும் காப்பித்தண்ணி கேக்காம, நானாத் தூங்கி நானா எந்திரிச்சேன். அதையும் ஏழாக்கிப் போட்டீங்களே!"

நாச்சிமுத்து அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு நாளில் கேட்ட மன்னிப்பு, அவர் வாழ்நாளில் மொத்தமாகக் கேட்டதைவிட அதிகம். ஆனால் கீழ்த்தளத்தில் தீர்ப்பு மாறவில்லை. பேத்திக்காகப் பொய்யை மாவட்டம் பூராவும் பரப்பிவிட்டாரோ என்று பூங்கோதைக்குச் சந்தேகம். ஏழு தாண்டியதற்கு அடையாளமாக அவருடைய காப்பு பச்சை விளக்குக் காட்டி அடங்கிவிட்ட பிறகும் சோறு வாசற்படியில்தான் வந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு வெளிக்கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கோகிலவாணி, தனியாக, தோளில் ஒரு துணிப்பையோடு.

அவர் வெளிப்பக்கப் படி வழியாக இறங்கினார். என்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தார்.

"டீவியில பாத்தனுங்க சார்" என்றாள் அவள். "ஏழுன்னு சொன்னீங்களாம். எனக்குப் போட்டதுக்கும் ஏழுதானுங்களா?"

"உங்களுக்கும் ஏழுதாம்மா. அதே மருந்து." அவர் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஊசிக்கு இருவத்தொரு நாள். நாலு ஊசிக்கு எண்பத்துநாலு நாள் உங்க பையன உங்ககிட்டயிருந்து நான் எடுத்துட்டேன். எட்டாம் நாளே நீங்க தூக்கியிருக்கலாம்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட நினைத்தார். அவள் விரல்களை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பப் பன்னண்டாம் நாளு?"

"என்ன பன்னண்டாம் நாளு?"

"ரெண்டாவது ஊசி போட்டுப் பன்னண்டாம் நாளுங்க. நாத்தனாரு தண்ணி புடிக்கப் போயிருந்தாங்க. அவன் தொட்டில்ல கெடந்து அப்படி அழுதான். பொறுத்துப் பொறுத்துப் பாத்தனுங்க. தூக்கிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "உங்க காப்பு கத்துச்சு. சீலைத் துணியச் சுத்தி அமுக்கிப்போட்டு மாரோட வெச்சுக்கிட்டேன். பத்து நிமிசம் இருக்கும்."

அவள் துணிப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க. அன்னைலிருந்து அவனுக்குக் காச்ச வந்தா நான் குடுத்தது. மூக்குல ரத்தம் வந்தா நான் குடுத்தது. வருசா வருசம் இங்க வர்றப்ப வேற லேபுல அவனுக்கும் ரத்தம் பாப்பேன். நான் தொட்டா அவனுக்கு ஆகாதுன்னு நாத்தனாருகிட்டயே உட்டுட்டனுங்க. அவங்கள அம்மான்னு கூப்புடச் சொல்லிப் பழக்குனதே நாந்தான்."

எண்பத்துநாலு நாள்தான் பிரித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ஐந்து வருடத்தின் கணக்கு வந்து சேர்ந்தது. மருந்து அவள் கட்டியை மட்டும் எரித்தது. மற்றதையெல்லாம் எரித்தது இவர் வாய்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"ஆகாது."

"மறுக்காச் சொல்லுங்க."

"ஆகாதும்மா. பத்து நிமிசம் இல்ல, அன்னைக்குப் பூரா வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என்னோடது."

சேஃப்டிக்கு ஒரு வார்த்தையும் கூடச் சேர்க்காமல் அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். கோகிலவாணி அப்படியே கேட்டோரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். தான் இன்னும் இரண்டு மீட்டர் தள்ளியே நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. கேட்டைத் திறந்து அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அதெல்லாம் இப்பச் சொல்லத் தெரியலீங்க சார். மூணரைக்கு ஸ்கூலு விட்டுரும். இன்னைக்கு நாந்தான் போயிக் கூப்புடோணும்" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அவர் திரும்பியபோது வாசல் நிலையில் நறுமுகை நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூங்கோதை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இருவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். தன்னைத் தானே இந்த அளவுக்குக் கேவலப்படுத்திக்கொண்டு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"கை கழுவீட்டு உள்ள வாங்கப்பா" என்றாள் மகள்.

மூன்று முறை கழுவினார். கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, தலையணை கொடுத்து, அதன்மேல் நறுமுகை குழந்தையை வைத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கதகதப்பாக இருந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்ட முகத்தைப் பார்க்காமல் நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து நாற்பது.

குழந்தை ஒரு கையை விரித்து மூடியது. உதட்டைச் சப்பியது. எதையோ கனவு கண்டு சிணுங்கி, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டது. ஒரு கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவி முடிந்து வாய் மூடுவதற்குள் மணி பத்து ஐம்பதைத் தொட்டுவிட்டது.

பத்து நிமிடம் என்பது இவ்வளவுதானா? இதற்கா ஐந்து வருடம்? கண்ணில் நீர் முட்டியது. கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்ததால் துடைக்க முடியவில்லை.

"போதுங்கப்பா, குடுங்க. பால் குடிக்கற நேரமாச்சு" என்று நறுமுகை கையை நீட்டினாள்.

"சித்த நேரம் கண்ணு" என்றார் நாச்சிமுத்து. எத்தனை நிமிடம் என்று அவள் கேட்டாள். இந்தமுறை அவர் எண் எதுவும் சொல்லவில்லை.